ஃபிரேசர் மலையில் தீக்குஞ்சக் குக்குறுவான்: சிங்கப்பூரிலிருந்து போய்ப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கித் தீமா குன்று. அதுவே 164 மீட்டரை எட்டிப்பிடிக்கத் திணறுகிறது. நாம் பார்க்கப் போகும் பறவையோ மலாயா மலைகளில் கிட்டத்தட்ட 1000 மீட்டருக்கு மேலேதான் குடியிருக்கிறது. ஆகவே மெக்ரிச்சியில் எத்தனை சனிக்கிழமை நடந்தாலும் கிடைக்காது, எல்லை தாண்டித்தான் ஆகவேண்டும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வித்தையில் பாதியை இங்கேயே, வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலேயே கற்றுக்கொள்ள முடியும். பைனாக்குலர் வாங்கியதும் நேரே மலைக்கு ஓடி, இரண்டு நாள் இலைகளை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பும் ஆட்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

முதலில், ஆள் யார்?

ஆங்கிலத்தில் ஃபயர்-டஃப்டட் பார்பெட் என்கிறார்கள். பார்பெட் தமிழில் குக்குறுவான், எனவே இங்கே தீக்குஞ்சக் குக்குறுவான் என்று வைத்துக்கொள்கிறேன். உலகத்தில் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது: தீபகற்ப மலேசியாவின் மலைகள், சுமத்ராவின் மலைத்தொடர். இரண்டுமே எப்போதும் ஈரமாக, பாசி படிந்து, பாதி நேரம் மூடுபனிக்குள் கிடக்கும் காடுகள்.

உடல் பச்சை. நீளம் 28 சென்டிமீட்டர் அளவுக்கு, அதாவது நம் மைனாவைவிட நன்றாகவே பெரியது. அலகு தடியாக, வெளிர் பச்சை கலந்த மஞ்சளில், நடுவில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டை போட்டது. இந்த அலகை ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். அலகின் அடியில், நெற்றிப் பக்கமாகச் சிலிர்த்து நிற்கும் முடிக்கற்றைதான் பெயரில் உள்ள குஞ்சம், அதன் நுனி நெருப்புச் சிவப்பு. கன்னம் சாம்பல், பின்தலை கருஞ்சிவப்பு, நெஞ்சில் மஞ்சள் பட்டை, அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. வண்ணப் பெட்டியைத் தட்டிவிட்டதுபோல இருக்கிறது, இது கண்ணில் படாமல் போகுமா என்று தோன்றும். போகும். இத்தனை வண்ணமும் தலையிலும் நெஞ்சிலும்தான், மற்றதெல்லாம் இலைப்பச்சை. முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால் அதுவும் ஓர் இலை, அவ்வளவுதான்.

இந்தப் பறவைக்கு 1830களில் அறிவியல் பெயர் சூட்டியவர் சாலமன் முல்லர் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர். அவர் இதற்காகவே சைலோபோகன் என்ற பேரினத்தை உண்டாக்கினார். ரொம்ப காலம் அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் இருந்தது. பிறகு மரபணு ஆய்வுகள் வந்து, ஆசியக் குக்குறுவான்களில் பெரும்பாலானவற்றை இதோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் உங்கள் புளோக் கீழே கத்தும் குக்குறுவானும் இன்றைக்கு சைலோபோகன்தான், மலைக்காரருக்கு நேரடிச் சொந்தம்.

படி 1: சொந்தக்காரர்களிடம் காதைப் பழக்குங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். குக்குறுவானைக் கண்ணால் தேடுகிறவருக்குக் கிடைப்பதைவிட காதால் தேடுகிறவருக்குச் சீக்கிரம் கிடைக்கும். காதுக்குப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி சிங்கப்பூரில் இலவசம்.

செம்மார்புக் குக்குறுவானிலிருந்து தொடங்கலாம். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். ‘டுக்… டுக்… டுக்…’ என்று தாளம் பிசகாமல், நிமிடத்துக்கு நூறுக்கும் மேல் தட்டிக்கொண்டே இருக்கும். வீவக பேட்டைகள், பூமலை, பாசிர் ரிஸ் பூங்கா என்று எங்கும் உண்டு. குரல் வந்ததும் மரத்தின் பசுமையான பகுதியை விட்டுவிட்டு உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த கிளையைப் பாருங்கள். கத்தும்போது அலகைத் திறக்காது, தொண்டை மட்டும் உப்பிச் சுருங்கும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே கத்துவதால் சத்தம் இடம் மாறுவதுபோலக் காதை ஏமாற்றும். இந்த ஏமாற்றுவேலையைச் சமாளிக்கப் பழகுவதுதான் முதல் பாடம்.

அடுத்தது கோட்டுக் குக்குறுவான் என்று சொல்லத்தக்க லினியேட்டட் பார்பெட். இது சிங்கப்பூரின் பூர்வீகப் பறவை இல்லை. 1990களில் புக்கித் பாத்தோக் பக்கம் தென்பட ஆரம்பித்து, இப்போது தீவின் பல இடங்களிலும் பரவிவிட்டது. தலையிலும் நெஞ்சிலும் பழுப்பு வெள்ளைக் கோடுகள். ‘குட்ரூ… குட்ரூ…’ என்று கத்தும். மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்தக் குரல் கேட்டதும் ஊர் ஞாபகம் வந்துவிடும், அங்கே காப்பித் தோட்டங்களில் நாள் முழுக்கக் கத்தும் சின்னக் குக்குறுவானின் குரலும் கிட்டத்தட்ட இதே சாயல்.

மூன்றாவது ஆள்தான் கடினம். சிவப்புத் தொப்பி போட்ட ரெட்-கிரௌன்ட் பார்பெட். மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியை விட்டு வெளியே வருவது அரிது. அறிவியல் பெயரில் ராஃபிள்ஸின் பெயர் இருக்கிறது, நம் ஊருக்குப் பொருத்தமானதுதான். வின்ட்சர் இயற்கைப் பூங்கா வழியாக மரவுச்சி நடைபாலத்துக்குப் போகும் பாதை, ஜெலுத்தோங் கோபுரம், இந்த இரண்டையும் முயற்சி செய்யுங்கள். கோபுரத்தின் மேல் நின்றால் மரத்தின் உச்சி உங்கள் கண்மட்டத்துக்கு வந்துவிடும், கழுத்து வலிக்காது. காட்டுக்குள்ளேயே இருக்கும் இந்தப் பறவையைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் நீங்கள் மலைக்குத் தயார்.

இந்தக் கட்டத்திலேயே ஸீனோ-கேன்டோ தளத்தில் தீக்குஞ்சத்தின் குரலையும் போட்டுக் கேட்டுவையுங்கள். மற்ற குக்குறுவான்களைப்போல ‘டுக் டுக்’ இல்லை. சில்வண்டு மாதிரி ஓர் இரைச்சல். மெதுவாக விட்டு விட்டு ஆரம்பித்து, வேகம் கூடக் கூட சுருதியும் ஏறி, வெடுக்கென்று நின்றுவிடும். தெரியாதவர்கள் பூச்சி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். மலைக்கு வந்தும் பார்க்காமல் திரும்புகிறவர்களில் நிறையப் பேருக்கு நடப்பது இதுதான் என்பது என் எண்ணம். பறவை தலைக்கு மேலேயே கத்தியிருக்கும், இவர்கள் ‘என்ன இப்படி வண்டு கத்துது’ என்று சொல்லிக்கொண்டே நடந்திருப்பார்கள்.

படி 2: எங்கே, எப்போது

கேமரன் மலையிலும் கெந்திங் பக்கத்திலும் இந்தப் பறவை உண்டு. இருந்தாலும் சிங்கப்பூரிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு பகாங்கில் உள்ள ஃபிரேசர் மலைதான் என் தேர்வு. காரணம் சாதாரணமானது: அங்கே காடு ரோட்டோரம்வரை வந்து நிற்கிறது, வண்டி குறைவு, மலையைச் சுற்றித் தார்ச்சாலையிலேயே நடந்தபடி பார்க்கலாம். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போனாலும் பிரச்சினை இல்லை. லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே வெள்ளீயத்தொழில் நடத்திவிட்டு ஒருநாள் சுவடே இல்லாமல் காணாமல் போய்விட்டார், பெயர் மட்டும் நின்றது. 1988லிருந்து அனைத்துலகப் பறவை காணும் போட்டியும் இங்கே நடந்து வந்திருக்கிறது, அதனால் உள்ளூர்க்காரர்களுக்குப் பைனாக்குலர் மாட்டிய ஆட்கள் புதிதில்லை.

வருடம் முழுக்க இந்தப் பறவை அங்கேயேதான் இருக்கும், வலசை போவதில்லை. அதனால் மாதத்தைவிட கிழமை முக்கியம். வார இறுதியில் கோலாலம்பூர் கூட்டம் ஏறிவிடும், அறையும் கிடைக்காது, மோட்டார் சைக்கிள் சத்தத்தில் குரலும் கேட்காது. திங்கள் முதல் வியாழன்வரை இரண்டு இரவு தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். ஒரே இரவு போதாது, ஏனென்றால் ஒரு காலைப்பொழுது மழையிலோ பனியிலோ போய்விட வாய்ப்பு நிறைய. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை அதிகம், டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் இதை மனதில் வைக்கவும்.

படி 3: எல்லை, பெட்ரோல், ரோடு

காரில் போவதானால் மொத்தம் சுமார் 450 கிலோமீட்டர். சோதனைச்சாவடி நெரிசலைச் சேர்க்காமல் ஆறு ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வண்டிக்கு மலேசியாவின் விஇபி என்ற வாகன நுழைவு அனுமதி கட்டாயம், 2025 ஜூலையிலிருந்து இல்லாதவர்களுக்கு அபராதம் போடுகிறார்கள். நம் பக்கத்திலிருந்து கிளம்பும்போது பெட்ரோல் முக்கால் தொட்டிக்குக் குறையக் கூடாது. அங்கே ரான்95 நம் வண்டிக்குத் தடை, ரான்97தான் போடவேண்டும். சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் இங்கே வேலை செய்கிற நண்பர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பவேண்டும், விசா விதியையும் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவேண்டும், அது அடிக்கடி மாறுகிறது.

கோலாலம்பூரைத் தாண்டி, கோலகுபு பாரு. அங்கே சாப்பிட்டுவிட்டு, மறக்காமல் தொட்டியை நிரப்பிவிடுங்கள். மலை மேலே பெட்ரோல் நிலையம் கிடையாது. அங்கிருந்து மேலே சுமார் 40 கிலோமீட்டர், அணைக்கட்டு ஏரியைச் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்து போகும் ரோடு. வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே மாத்திரை. கேப் என்ற சந்திப்பு வந்ததும் உச்சிக்கு இன்னும் 8 கிலோமீட்டர்தான். இந்த மலைச்சாலையில்தான் 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வளைவுகளைப் பார்த்தால் பதுங்கித் தாக்க ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று புரியும்.

கேப்பிலிருந்து பழைய ரோடு, புதிய ரோடு என்று இரண்டு. புதியதில் மண்சரிவு வந்தால் மூடிவிடுவார்கள், அப்போது குறுகலான பழைய ரோட்டில் ஏறவும் இறங்கவும் நேரம் பிரித்து விடுவார்கள். தங்கப்போகும் விடுதிக்கு முந்தின நாள் போன் போட்டு எந்த ரோடு திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுவது உத்தமம்.

கார் இல்லையா? கோலாலம்பூருக்கு பஸ், அங்கிருந்து தஞ்சோங் மாலிம் போகும் கேடிஎம் கொம்யூட்டர் ரயிலில் கோலகுபு பாருவரை, பிறகு டாக்சி. திரும்பி இறங்குவதற்கும் அதே டாக்சிக்காரரிடம் நேரம் பேசிவையுங்கள், மேலே போய்த் தேடினால் வண்டி கிடைப்பது கஷ்டம்.

படி 4: பறவையைத் தேடாதீர்கள், மரத்தைத் தேடுங்கள்

முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

குக்குறுவான்களுக்குப் பழம்தான் பிரதானம், நடுநடுவே பூச்சியும் தின்னும். அந்தப் பழங்களில் அத்திக்குத் தனி இடம். காட்டு அத்தி மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் மகரந்தம் சேர்க்கும் குளவி உண்டு, பூக்கும் அத்தி எப்போதும் எங்காவது இருந்தால்தான் அந்தக் குளவி பிழைக்கும், ஆகவே மரங்கள் ஆளுக்கொரு காலத்தில் காய்க்கின்றன. இதனால் நமக்கு ஒரு நல்லது, ஒரு கெட்டது. வருடத்தில் எப்போது போனாலும் மலையில் எங்கோ ஒரு மரம் பழுத்திருக்கும், இது நல்லது. கெட்டது என்னவென்றால், பழுத்த மரம் சில நாளிலேயே காலியாகிவிடும். போன மாதம் ஒருவர் பேஸ்புக்கில் போட்ட அருமையான மரம் இன்று வெறும் இலையாக நிற்கும். பழைய படத்தை நம்பிப் போகாதீர்கள். பறவை பார்த்தவர்கள் பதிவிடும் இபேர்ட் தளத்தில் கடந்த ஒரு வாரத்துப் பதிவுகளை மட்டும் பாருங்கள்.

மலைக்குப் போய்ச் சேர்ந்த சாயங்காலமே இந்த மரத்தைத் தேடிவிடவேண்டும். சாலையைப் பார்த்தபடி நடங்கள், மேலே பார்க்க வேண்டாம். தாரில் நசுங்கிய சின்னப் பழங்கள், விதை கலந்த எச்சம், புளித்த வாடை, ஈ மொய்ப்பது, இவற்றில் ஏதாவது தென்பட்டால் நின்று அண்ணாந்து பாருங்கள். கொண்டைக்குருவிகளும் அணில்களும் ஒரே மரத்துக்குள் வரப்போக இருந்தால் சந்தேகமே இல்லை. டெலிகாம் லூப் சாலையில் ஒரு சுற்று, பிஷப்ஸ் ட்ரெயில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய ஹெம்மன்ட் ட்ரெயில், நேரத்தைப் பொறுத்து இந்த வரிசையில் போவேன். மழை பெய்திருந்தால் டெலிகாம் லூப் மட்டும் போதும், மற்ற இரண்டும் காட்டுப்பாதை, வழுக்கும்.

மரம் கிடைத்துவிட்டதா? மறுநாள் காலை 7 மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். நிற்பது என்றால் நிற்பது. 10 மணிவரைக்கும். மூன்று மணி நேரத்தில் மூன்று பாதை நடக்கிறவரைவிட ஒரே மரத்தடியில் நிற்கிறவர்தான் அதிகம் பார்ப்பார், இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. மரத்துக்கு நேர் கீழே நிற்காமல், சரிவுச்சாலையின் மேல் வளைவுக்குப் போனால் உச்சிக்கிளை கண்ணுக்கு நேராக வரும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

குக்குறுவான் வந்ததும் ஆர்ப்பாட்டம் செய்யாது. ஒரு கிளை அசையும், அவ்வளவுதான். பிறகு சில பழம் தின்றுவிட்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். இந்த நேரத்தில்தான் எல்லோரும் ‘போயிடுச்சு’ என்று கிளம்புகிறார்கள். போகவில்லை. மரத்தை மனதுக்குள் நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் பைனாக்குலரால் மெதுவாகத் துழாவுங்கள். பச்சைக்குள் பச்சையைத் தேடினால் கிடைக்காது, வெளிறிய அலகையும் அதன் கறுப்புப் பட்டையையும் தேடுங்கள். எட்டு மடங்கு காட்டும் 8x42 பைனாக்குலர் தாராளம். பத்து மடங்கு காட்டுவது பனியில் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மரமே கிடைக்கவில்லை என்றால்? வண்டு இரைச்சல் கேட்கும் திசையில் காய்ந்த மரங்களைப் பாருங்கள். குக்குறுவான்கள் பெரும்பாலும் பட்ட மரத்தில் அலகால் பொந்து குடைந்து கூடு வைக்கும். புதிதாகக் குடைந்த வட்ட ஓட்டை தெரிந்தால் கிட்டே போகாமல் தூரத்திலிருந்து கவனியுங்கள், குஞ்சு இருக்கும் கூட்டின் எதிரே ஆள் நின்றால் தாய்ப்பறவை உள்ளே போகத் தயங்கும்.

குரல் பதிவு, பழத்தட்டு: என் கருத்து

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை இழுப்பது நிறையப் பேர் செய்வது. செய்யாதீர்கள். யாரோ எல்லைக்குள் வந்துவிட்டான் என்று அது தீனியை விட்டுவிட்டு ஓடி வருகிறது, ஒரு நாளைக்குப் பத்து குழு இப்படி ஏமாற்றினால் அதன் பாடு என்னவாகும்? பழத்தட்டு கொஞ்சம் சிக்கலான விஷயம். மலையில் சிலர் வாழைப்பழம், பப்பாளி வைத்து வருவார்கள், தீக்குஞ்சமும் கூச்சப்படாமல் வந்து தின்னும். அது அவர்கள் ஊர் வழக்கம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம். நீங்களாகப் பழம் வாங்கிக்கொண்டு போய் வைக்காதீர்கள், குரங்கு வரும். சிங்கப்பூரில் காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது சட்டப்படியே குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இந்தோனேசியாவில் இதே பறவையைப் பிடித்துக் கூண்டுப்பறவையாக விற்கிறார்கள். இணையத்தில் கூண்டுக்குள் படம் பார்த்தால் லைக் போடாமல் நகர்ந்துவிடுங்கள்.

படி 5: பையில் என்ன

ஈரம்தான் பெரிய எதிரி. மடக்கு குடை, துடைக்கும் துணி, கேமரா பையில் சிலிக்கா ஜெல். அட்டைப்பூச்சிக்கு நீளமான அட்டைக் காலுறை, காலணியை விட்டு மேலே இழுத்துக் கட்டவும். கடித்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, நகத்தால் தள்ளிவிட்டு பிளாஸ்டர் ஒட்டினால் போதும். இரவில் 17, 18 டிகிரிக்கு இறங்கும், ஏசி பழகிய நமக்கே ஒரு மெல்லிய ஜாக்கெட் தேவைப்படும். சாப்பாட்டுக்கடைகள் குறைவு, சீக்கிரம் மூடிவிடும், பிஸ்கட்டும் பிள்ளைகளுக்கு ஏதாவதும் கையில் இருக்கட்டும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. பின்னால் வெள்ளைப் பனி, முன்னால் பச்சைப்பறவை என்றால் கேமரா பறவையைக் கறுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரைப் பிளஸ் 1 வரை ஏற்றிவிட்டு எடுங்கள். 400 எம்எம் லென்ஸ் போதுமானது.

காத்திருக்கும்போது வருகிறவர்கள்

அதே மரத்துக்கு பிளாக்-ப்ரௌட் பார்பெட் என்ற, அளவில் சிறிய இன்னொரு குக்குறுவானும் வரும். கறுப்புப் புருவம், மஞ்சள் தொண்டை, நீலக் கன்னம். ‘டொக் டொக் டர்ர்ர்’ என்று நாள் முழுக்கக் கத்தும், அந்த மலையின் பின்னணி இசையே அதுதான். குழுவாகத் திரியும் சில்வர்-இயர்ட் மெசியா, நீளவால் சிபியா இரண்டையும் காலை உணவு முடிவதற்குள் பார்த்துவிடலாம். தூரத்துப் பள்ளத்தாக்கில் யாரோ ஊளையிடுவதுபோலக் கேட்டால் அது சியாமாங் என்ற வாலில்லாக் குரங்கு.

இறங்கும்போது கேப் அருகே வண்டியை ஓரம் கட்டிப் பத்து நிமிடம் கொடுங்கள். அங்கே உயரம் சுமார் 800 மீட்டர்தான், தீக்குஞ்சத்தின் எல்லை முடிந்து வேறு குக்குறுவான்களின் எல்லை ஆரம்பித்துவிடும். கன்னத்தில் மஞ்சள் திட்டுள்ள பெரிய கோல்ட்-விஸ்கர்ட் பார்பெட் அங்கே உண்டு, சில சமயம் பள்ளத்தாக்கின் மேல் இருவாச்சி பறக்கும், இறக்கைச் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அப்புறம் ஜோகூர் பாருவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, மதியத்துக்கு முன்னாடியே மலையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.